பசுமைத் தீர்ப்பாயத்தில் அடுத்தவர் மேல்முறையீட்டில் நாமும் சேர்வது: சென்னை அமர்வு பற்றி என் மதிப்பீடு

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வைப் பற்றி வழக்கறிஞர்கள் எழுதுவது உண்டு, பத்திரிகைகளில் தீர்ப்புச் செய்திகள் வருவதும் உண்டு. ஆனால் மனுதாரராகவும் இல்லாமல் எதிர்மனுதாரராகவும் இல்லாமல், அந்த வழக்கால் நேரடியாகப் பாதிக்கப்படப் போகிற மூன்றாம் ஆளுக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் நலச் சங்கத்துக்காக இந்த வேலையைக் கவனித்துக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாமே மேல்முறையீடு போடுவதாக இருந்தால் சாதாரண மனிதருக்கு இவ்வளவு திறந்து வைத்திருக்கிற கதவு வேறு தீர்ப்பாயங்களில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். வேறொருவர் போட்ட மேல்முறையீட்டுக்குள் போய்ச் சேர்வதாக இருந்தால் ஐந்துக்கு இரண்டரைதான்.

இடத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. சேப்பாக்கத்தில், ஆற்காடு நவாப் அரண்மனையின் ஒரு பகுதியாக இருந்த கலச மகாலில் இயங்குகிறது. 2012-ல் தீப்பிடித்து எரிந்த கட்டடம், பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே சீரமைத்திருக்கிறது, நன்றாகவே செய்திருக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாவற்றுக்கும் இதுதான் தென்மண்டல அமர்வு. ஒரு நீதித்துறை உறுப்பினர், ஒரு நிபுணர் உறுப்பினர் என்று சேர்ந்து உட்காருவார்கள். காணொலி வழியாகவும் விசாரணை நடக்கிறது, இது வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய உபகாரம், ஒரு வாய்தாவுக்காக ராத்திரி பஸ் ஏறி வந்து சேப்பாக்கத்தில் இறங்கி, பத்து நிமிடத்தில் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று திரும்பிப் போகிற கொடுமை ஓரளவு குறைந்திருக்கிறது.

சரி, யார் இந்த மூன்றாம் ஆள்? ஓர் உதாரணம் சொன்னால் புரியும். ஓடையில் சாயக் கழிவு வருகிறது என்று ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் மனு கொடுக்கிறார்கள். ஒருநாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர்கள் வந்து பார்த்து, நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழ் ஆலையை மூடச் சொல்லி உத்தரவு போடுகிறார்கள். ஆலைக்காரர் உடனே தீர்ப்பாயத்துக்குப் போகிறார். அந்த மேல்முறையீட்டு மனுவின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்: மேல்முறையீட்டாளர் கம்பெனி, எதிர்மனுதாரர்கள் வாரியத்தின் தலைவர், உறுப்பினர் செயலர், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், சில சமயம் ஆட்சியர், அதோடு பட்டியல் முடிந்துவிடும். யாருடைய புகாரின் பேரில் அந்த ஆய்வே நடந்ததோ அந்த ஊரின் பெயர் எங்கேயும் இருக்காது. நோட்டீஸ் வராது, எதிர்மனுவின் நகல் வராது, இடைக்கால உத்தரவு வந்துவிட்டது என்பதே ஆலையின் புகைபோக்கியில் மறுபடி புகை வந்த பிறகுதான் தெரியும். வாரியமே நமக்காகப் பேசிக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறோம். வாரியம் பேசுவது தன் உத்தரவுக்காக. நம் கிணற்றுக்காகப் பேசும் கடமை அதன் வக்கீலுக்கு இல்லை, நாளைக்கே நிபந்தனையோடு திறக்கச் சம்மதம் என்று அவர்கள் சொன்னால் தடுக்க அங்கே ஆளும் இல்லை.

தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுக்கிற வழக்குகளில் இது இன்னும் விசித்திரமாக இருக்கும். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து அவர்களே வழக்கு எடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் மும்பை மாநகராட்சி வழக்கில் உறுதி செய்துவிட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது சென்னை அமர்வு அப்படித்தான் எடுத்தது, அதே மாதக் கடைசியில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோதும் அப்படித்தான். நல்ல காரியம். ஆனால் அப்படிப்பட்ட வழக்கில் மனுதாரர் என்று யாருமே இல்லை, ஒரு பக்கம் முழுக்க அரசுத் துறைகளும் கம்பெனியும்தான். வலை முழுக்க எண்ணெய் ஒட்டிய மீனவர் தானாகப் போய்த் தன்னைச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு.

இப்போது முதல் கதவு, அதாவது நாமே மேல்முறையீடு போடுவது. 2010-ஆம் ஆண்டுப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-வது பிரிவு, பாதிக்கப்பட்ட எந்த நபரும் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. 18-வது பிரிவு இன்னும் தெளிவாக, அமைப்புகளும் சங்கங்களும்கூட அதில் அடக்கம் என்று சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் என்றால் பக்கத்து வயல்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் ஆரம்பத்தில் நிறைய வாதாடிப் பார்த்தன. தீர்ப்பாயம் 2011 டிசம்பரிலேயே விமல் பாய் வழக்கில் அதை ஏற்கவில்லை, சுற்றுச்சூழல் விஷயத்தில் அந்தச் சொல்லை அகலமாகத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2014-ல் கோவா கடற்கரை ஆக்கிரமிப்பு வழக்கு ஒன்றில் மனுதாரர் இந்தியக் குடிமகளே இல்லை என்று எதிர்ப்பு வந்தபோது, சட்டம் 'நபர்' என்றுதான் சொல்கிறது, 'குடிமகன்' என்று சொல்லவில்லை என்று புணே அமர்வு அதையும் தள்ளியது. கட்டணமும் நியாயம்தான்: இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்கு 1,000 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் கிடையாது. வக்கீல் இல்லாமல் நேரில் நின்று பேசலாம்.

இந்தக் கதவு வழியாக நடந்த காரியங்களும் சின்னவை இல்லை. கடலூர் மாவட்டத்தில் ஐஎல்&எஃப்எஸ் அனல் மின் நிலையத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் போட்ட மேல்முறையீட்டில்தான், சுற்றியிருக்கிற மற்ற ஆலைகளின் பாதிப்பையும் சேர்த்து மொத்தமாகக் கணக்கிட வேண்டும் என்று 2012-ல் உத்தரவு வந்தது. தேனி பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கான அனுமதியைப் பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் எதிர்த்துப் போனார்கள், 2017 மார்ச்சில் சென்னை அமர்வு அதை நிறுத்திவைத்தது. அடுத்த வருடமே மத்திய அமைச்சகம் திட்டத்தை வேறு வகைப்பாட்டில் கொண்டுவந்து புதிய அனுமதி கொடுத்தது, 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய மறுத்தது, ஆனாலும் வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்ற நிபந்தனை நின்றது. ஜெயித்தது தோற்றது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத முடிவுகள் இவை. இரண்டிலுமே முறையாகக் கட்சிக்காரராக இருந்தவர்களிடம் பதில் சொல்லியாக வேண்டிய நிலை அரசுக்கு வந்தது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால் காலக்கெடு. உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள். அதற்கு அப்புறம் ஒரு நாள் தாண்டினாலும், காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், தீர்ப்பாயத்துக்கே மன்னிக்க அதிகாரம் கிடையாது. அப்படியானால் ஊர்க்காரருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டதாகக் கணக்கு? சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த கம்பெனி இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில், அதில் ஒன்றாவது வட்டார மொழியில், விளம்பரம் கொடுக்க வேண்டும். ஊராட்சிக்கும் நகல் போக வேண்டும், அவர்கள் அதை 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். அமைச்சகத்தின் இணையதளத்திலும் ஏற வேண்டும். இவற்றில் எது முதலில் முழுமையாக நடக்கிறதோ அந்தத் தேதியிலிருந்து நாள் ஓடத் தொடங்கும் என்று 2013-ல் சேவ் மோன் ரீஜன் வழக்கில் தீர்ப்பாயம் சொன்னது. அதனால் ஊராட்சி அறிவிப்புப் பலகையை வாரம் ஒரு தடவையாவது எட்டிப் பாருங்கள், அமைச்சகம் அனுமதிகளை ஏற்றுகிற பரிவேஷ் இணையதளத்தில் உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டே இருங்கள். விளம்பரம் வந்த பத்திரிகைப் பக்கத்தைத் தேதியோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் அந்த ஒரு தாளுக்கு இருக்கிற மதிப்பு நாலு பக்க விளக்கத்துக்கு இருக்காது.

அடுத்தவர் மேல்முறையீட்டில் சேர்கிற இரண்டாவது கதவுக்கு வருவோம், என் வருத்தம் முழுக்க இங்கேதான். தீர்ப்பாயத்தின் 2011-ஆம் ஆண்டு நடைமுறை விதிகளில் மனு எப்படிப் போடுவது, கட்டணம் எவ்வளவு, பதில் எப்படித் தாக்கல் செய்வது எல்லாம் இருக்கிறது, அடுத்தவர் மேல்முறையீட்டில் மூன்றாம் நபர் எப்படிச் சேர்வது, எத்தனை நாளுக்குள், எந்த அளவுகோலில் என்பதற்கு மட்டும் தனியாக ஒரு பகுதி கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது, இயற்கை நீதிக் கோட்பாட்டின்படி நடப்போம் என்று தீர்ப்பாயச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. ஆனாலும் வழக்கில் சேர்த்துக்கொள்ளக் கேட்கிற இணைப்பு மனு என்று வரும்போது எல்லாரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 1 ரூல் 10-ஐத்தான் கையில் எடுக்கிறார்கள்: இவர் இல்லாமல் வழக்கை முடிக்கவே முடியாதா, அல்லது இவர் இருந்தால் சரியாக முடிக்க உதவுமா, அல்லது சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரா? கடைசியில் எல்லாம் அமர்வின் விருப்புரிமை. ஒரு வழக்கில் ஒரே வாய்தாவில் சேர்த்துக்கொள்வார்கள், இன்னொன்றில் 'நீங்கள் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுங்கள், படிக்கிறோம்' என்று முடித்துவிடுவார்கள். எதிர்பார்த்துத் திட்டமிட முடியாத சேவை என்பதுதான் என் குறை, உள்ளே இருப்பவர்கள் மரியாதையாக நடத்துவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

எழுதிக் கொடுங்கள் என்று சொன்னால் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கட்சிக்காரராகச் சேர்ந்தால் வழக்கின் எல்லாத் தாளும் நம் கைக்கு வரும், கம்பெனி தாக்கல் செய்கிற ஆய்வக அறிக்கைக்கு நாம் எதிர் அறிக்கை போடலாம், சமரசமாக ஏதாவது முடிவெடுத்தால் நம்மைக் கேட்காமல் எடுக்க முடியாது. இடையீட்டாளராக மட்டும் விட்டால் பேச்சோ எழுத்தோ ஒரு தடவை, அவ்வளவுதான், அடுத்த வாய்தாவில் நம் பெயரைக் கூப்பிடுவார்களா என்பதே சந்தேகம். அதனால் மனுவிலேயே முதலில் எதிர்மனுதாரராகச் சேர்க்கும்படியும், அது முடியாவிட்டால் இடையீட்டாளராக வாதிடவும் ஆவணங்களின் நகல் பெறவும் அனுமதிக்கும்படியும் இரண்டையும் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது வேண்டுதலில் 'ஆவணங்களின் நகல்' என்கிற வார்த்தைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டெர்லைட் விஷயத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் மூன்றாம் ஆட்கள் ஒரு மேல்முறையீட்டுக்குள் போவதன் முழு வரலாறும் அதில் இருக்கிறது. 2013 மார்ச்சில் தூத்துக்குடியில் வாயுக் கசிவு, வாரியம் ஆலையை மூடியது, கம்பெனி பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. அப்போது வைகோ அந்த வழக்குக்குள் வந்து வக்கீல் வைக்காமல் தானே நின்று வாதாடினார். ஆலை திறக்க அனுமதி கிடைத்துவிட்டது, அது வேறு. 2018-ல் ஆலையை நடத்தக் கொடுக்கிற இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது, மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது, மே 28-ல் அரசு நிரந்தரமாக மூடும் ஆணை போட்டது. கம்பெனி மறுபடி தீர்ப்பாயத்துக்குப் போக, இந்தத் தடவை விசாரணை தில்லி முதன்மை அமர்வில். நீதிபதி தருண் அகர்வால் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், அந்தக் குழு 2018 செப்டம்பரில் தூத்துக்குடிக்கே வந்து மக்களிடம் மனு வாங்கியது. மூடியது சரியில்லை என்றுதான் குழு அறிக்கை சொன்னது, டிசம்பரில் தீர்ப்பாயமும் அதே வழியில் போனது. 2019 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளையே ரத்து செய்தது. காரணம் புகை பற்றியோ தாமிரம் பற்றியோ இல்லை: சட்டப்படி முதலில் வாரியத்தின் முடிவுகளை எதிர்த்துப் போவதற்கென்று இருக்கிற மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போயிருக்க வேண்டும், அதைத் தாண்டிக் குதித்து நேராகத் தீர்ப்பாயத்துக்கு வர முடியாது, இதை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை என்பதுதான்.

அப்புறம் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே வைகோ, பேராசிரியர் பாத்திமா பாபு உள்ளிட்டவர்கள் முறையாக இணைக்கப்பட்டு, நாள் கணக்கில் அவர்கள் தரப்பு வாதமும் கேட்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 18-ல் வந்த தீர்ப்பு 800 பக்கத்துக்கு மேல், கம்பெனியின் மனுக்கள் தள்ளுபடி, 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பொறுமையாகப் படியுங்கள், குறிப்பாக இணைந்தவர்களின் வாதங்களை எடுத்துச் சொல்லும் பகுதிகளை. வாரியத்தின் மீதும் கேள்வி கேட்கிற ஒரு தரப்பு அறைக்குள் இருந்தால் விசாரணையின் தன்மையே எப்படி மாறுகிறது என்பது அங்கே தெரியும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று: சேர்வதற்கு முன்னால் அந்த மேல்முறையீடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதி என்றால் நேராகப் பசுமைத் தீர்ப்பாயம். நீர்ச் சட்டத்தின் 33ஏ உத்தரவும் அப்படியே. இசைவாணை கொடுத்தது, மறுத்தது, நிபந்தனை போட்டது என்றால் நீர்ச் சட்டத்தின் 28-வது பிரிவு, காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு, இரண்டும் முதலில் போவது மேல்முறையீட்டு ஆணையத்துக்கு, அங்கே வருகிற முடிவின் மேல்தான் தீர்ப்பாயம். இந்த ஆணையத்தைப் பற்றி ஊர்களில் யாருக்கும் தெரிவதே இல்லை. கம்பெனிக்கும் வாரியத்துக்கும் நடுவில் ஓர் உள்வீட்டுப் பஞ்சாயத்து மாதிரி அது முடிந்துவிடுகிறது. அங்கேயும் 'பாதிக்கப்பட்ட எந்த நபரும்' என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, தைரியமாக மனுவோடு போங்கள்.

மனுவை எப்படி எழுதுவது என்பதில் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு முதலில் கிடைத்த வரைவில் பூமித் தாய், வருங்காலத் தலைமுறை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு எல்லாம் இருந்தது, எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பது மட்டும் இல்லை. அதைத் தூக்கி வைத்துவிட்டு வேறு எழுதினோம். ஆலைச் சுவரிலிருந்து முதல் கிணறு எத்தனை மீட்டர், அது எந்த சர்வே எண், பட்டா யார் பெயரில், அந்தக் கிணற்றுத் தண்ணீரை எந்த ஆய்வகத்தில் எந்தத் தேதியில் கொடுத்தோம், கரைந்த உப்பு எவ்வளவு வந்தது, எந்த மாதத்திலிருந்து மாடு குடிப்பதை விட்டது, ஆட்சியர் குறைதீர் நாளில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள், கிராம சபைத் தீர்மானத்தின் நகல். அதோடு ஒரு பத்தி, அதுதான் முக்கியம்: இப்போதைய கட்சிக்காரர்கள் யாரும் தாக்கல் செய்யாத, செய்யவும் முடியாத எந்தச் செய்தியை நாங்கள் கொண்டுவருகிறோம் என்று. வாரியத்தின் அறிக்கை ஆலைக்குள் எடுத்த மாதிரியோடு நிற்கிறது, ஓடையின் கீழ்ப்பகுதியில் ஒரு மாதிரிகூட எடுக்கப்படவில்லை, எங்களிடம் அது இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற தரப்பு சொன்னதையே நாமும் இன்னொரு தடவை சொல்ல வந்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால் மனு அங்கேயே முடிந்தது.

நகல்களை எல்லாத் தரப்பு வக்கீலுக்கும் கொடுத்து, கொடுத்ததற்கான ஒப்புதலையும் கையோடு வைத்துக்கொண்டு போங்கள், அது இல்லையென்றால் அன்றைய நாள் வீண். வக்கீல் விஷயத்தில் கவனம். நாங்கள் முதலில் அமர்த்தியவர் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டதோடு சரி, வழக்கு அழைக்கப்பட்ட நாளில் ஆளும் இல்லை, போனும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் வழக்குப் பட்டியலை நாங்களே தினமும் இணையதளத்தில் பார்க்க ஆரம்பித்தோம், உத்தரவுகள் எல்லாமே அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன, இந்த ஒரு வசதிக்காகவே தீர்ப்பாயத்தைப் பாராட்ட வேண்டும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு பொய்யாகிவிடும். நடவடிக்கைகள் ஆங்கிலத்தில். கிராம சபைத் தீர்மானம், ஊராட்சிப் பதிவேடு, வருவாய்த் துறைக் கடிதம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் போக வேண்டும். 1,000 ரூபாய்க் கட்டணத்துக்குள் வந்துவிடலாம் என்று நினைக்கிறவர் மொழிபெயர்ப்புக்கும் டைப்பிங்குக்கும் அதைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார். சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அமர்வு, எதிரே நிற்கிறவர் தமிழில் பிரமாணப் பத்திரம் கொடுக்க முடியாது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஒரு மதிப்பெண் இங்கேயே போய்விட்டது.

இனி கூட்டுக் குழு. மாசு வழக்குகளில் பெரும்பாலும் தீர்ப்பாயம் மத்திய வாரியம், மாநில வாரியம், ஆட்சியர் தரப்பு என்று சேர்த்து ஒரு குழு அமைத்து நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்கிறது. என் கணக்கில் வழக்கின் பாதி அங்கே முடிந்துவிடுகிறது. இணைப்பு மனு நிலுவையில் இருந்தாலும் சரி, மறுக்கப்பட்டிருந்தாலும் சரி, குழு வருகிற அன்றைக்கு நீங்கள் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் வண்டிகள் நேராக ஆலை வாசலுக்குப் போயின, உள்ளே சுத்திகரிப்புத் தொட்டிகளைப் பார்த்தார்கள், வெளியே வந்து கிளம்பத் தயாரானபோது பெண்கள் நாலைந்து பேர் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் எடுத்துவந்து ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை, மறிக்கவில்லை, 'இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க சார்' என்று மட்டும் கேட்டார்கள். குழுவில் இருந்த ஓர் அதிகாரி ஜாடித் தண்ணீரை எடுக்க முடியாது, முறைப்படி கிணற்றிலேயே எடுக்க வேண்டும் என்று விளக்கினார், விளக்கியதோடு நிற்காமல் நடந்து வந்து எடுத்தார். பாட்டிலில் சீட்டு ஒட்டி, நேரம் எழுதி, எங்கள் ஆள் ஒருவர் பெயரையும் சாட்சியாகக் குறித்துக்கொண்டார். அறிக்கையில் அந்தக் கிணறு மூன்று வரி. அந்த மூன்று வரியை வைத்துத்தான் எங்கள் இணைப்பு மனு நின்றது.

குழு அறிக்கை வந்ததும் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்துக்குப் பல தடவை சொல்லியிருக்கிறது. சிங்ரௌலி அனல் மின் நிலைய வழக்கில் 2023-ல் சொன்னது, 2024 ஜனவரியில் வீணா குப்தா வழக்கில் இன்னும் கடுமையாகச் சொன்னது. இரண்டிலும் பயனடைந்தது தொழில் தரப்புதான். ஆனால் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்ற விதி இரு பக்கத்துக்கும் ஒன்றுதானே, உங்கள் ஆட்சேபணையில் இந்தத் தீர்ப்புகளைத் தயங்காமல் காட்டுங்கள்.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி யாரோ போட்ட வழக்கில் உத்தரவு வரும், அந்த ஏரிக்கரையில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறவருக்கு வழக்கு நடந்ததே தெரியாது, வருவாய்த் துறை நோட்டீஸ் கதவில் ஒட்டும்போதுதான் தெரியும். ஆலையை மூடும் வழக்கில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே கதி. அவர்களும் வெளியாட்கள்தான், அவர்கள் சேர வந்தால் பசுமைக்கு எதிரி என்று பார்ப்பதை நம்மில் சிலர் விட வேண்டும். ஏரி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் அங்கே இருக்கிறவர் வாயைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்படுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குள் 1992-ல் அமைத்த மேல்முறையீட்டு வாரியம் ஒன்று இருக்கிறது. அங்கே முதல் கதவு நம்முடையதைவிடக் குறுகல், வரைவு அனுமதியின் மேல் கருத்துச் சொல்லியிருந்தவரோ கருத்துக்கேட்பில் கலந்துகொண்டவரோதான் பொதுவாக மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இரண்டாவது கதவு தெளிவு: அக்கறையுள்ள எவரும் நீதிமன்ற நண்பராக எழுத்து வாதம் தரலாம், அதற்குக் கெடு எப்போது என்பது வரை விதியிலேயே அச்சாகியிருக்கிறது. நம் 2011 விதிகளில் அப்படி ஒரே ஒரு பக்கம் சேர்த்தால் போதும், இணைப்பு மனு வந்தால் இத்தனை நாளுக்குள் முடிவு, மறுத்தால் காரணம் எழுத்தில், எழுத்து வாதம் எல்லாருக்கும் உரிமை, அதையும் தமிழில் தரலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

யாருக்கு இந்தச் சேவை ஒத்துவராது என்றும் சொல்லிவிட வேண்டும். உத்தரவு வந்து 90 நாள் தாண்டிவிட்டது, கையில் ஓர் ஆவணமும் இல்லை, வேறொருவர் வழக்கில் தொற்றிக்கொண்டு தன் காலக்கெடுவைச் சரிக்கட்டலாம் என்று நினைப்பவருக்குப் பலன் கிடைக்காது. எதிரில் இருப்பவர்கள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். பொய்யான, தொல்லை கொடுக்கிற மனு என்று தீர்ப்பாயம் கருதினால் செலவுத் தொகை விதிக்க 23-வது பிரிவில் இடம் இருக்கிறது. அப்படிக் காலம் தவறியவர்கள் உயர் நீதிமன்றத்தை யோசிக்கலாம், தீர்ப்பாயம் இருப்பதால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் போய்விடவில்லை என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மனு மறுக்கப்பட்டு, மேல்முறையீடும் உங்களுக்கு எதிராக முடிந்துவிட்டது என்றால் 22-வது பிரிவைப் பாருங்கள். தீர்ப்பாயத்தின் முடிவால் பாதிக்கப்பட்ட எந்த நபரும் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றுதான் அதில் இருக்கிறது, கட்சிக்காரராக இருந்தவர் மட்டும் என்று இல்லை. ஆனால் அங்கே போய் நிற்கும்போது, கீழே நீங்கள் சேர முயன்றீர்களா, எப்போது முயன்றீர்கள், என்ன பதில் வந்தது என்று கேட்பார்கள். அதனால் மறுக்கப்படும் என்று தெரிந்தாலும் இணைப்பு மனுவைப் போட்டு எண் வாங்கிவிடுங்கள், வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.